அடிக்காமல் விட்ட வரி

1942 நவம்பர் 27, வெள்ளிக்கிழமை. போலந்தில் நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த வார்சா கெட்டோவில், யூத மதகுருவான ரபி கலோனிமுஸ் கல்மன் ஷபீரா தன் பழைய கையெழுத்துத் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு, அவற்றில் ஓர் உரைக்குக் கீழே சில வரிகள் சேர்த்தார். அது ஏறக்குறைய ஒரு வருடத்துக்கு முன், 1941 ஹனுக்கா பண்டிகையின்போது அவர் பேசியது. நம் முன்னோர் பட்டதைவிட இது ஒன்றும் புதிதில்லை, அதனால் நம்பிக்கை தளர வேண்டாம் என்று அன்று சொல்லியிருந்தார். இப்போது சேர்த்த குறிப்பின் சாரம் இது: யூத நாள்காட்டியின் 5702ஆம் ஆண்டு (1942 செப்டம்பரில் முடிந்தது) இறுதியை எட்டும் வரை நடந்தவற்றுக்குத்தான் அந்தப் பேச்சு பொருந்தும். அந்த ஆண்டின் இறுதியிலிருந்து நடப்பதைப் போல ஒன்றை, முன்னோர் சொல்லிலும் நம் வரலாற்றிலும் எனக்குத் தெரிந்தவரை, எங்கும் காணோம்.

பழைய உரையை அவர் அடிக்கவில்லை, கிழிக்கவில்லை. தவறிய வரி மேலே இருக்கிறது, திருத்தம் தேதியோடு கீழே இருக்கிறது. இந்த ஒரு தாளை மையமாக வைத்துத்தான் அவருடைய வாழ்க்கையையும் எழுத்தையும் இங்கே பார்க்கப்போகிறேன். வேதத்துக்கு உரை சொல்லும் ஒருவர், தன் உரை தாங்காத நாள் வந்தபோது என்ன செய்தார் என்பதே என் கேள்வி.

ஆள் யார்

1889இல் வார்சாவுக்குத் தென்மேற்கே உள்ள க்ரோஜிஸ்க் ஊரில் பிறந்தவர். தந்தை எலிமெலெக் அந்த ஊரின் ஹசிதிய ரெபே. ஹசிதியம் யூதர்களிடையே எழுந்த ஒரு பக்தி இயக்கம். ரெபே என்றால் வெறும் மதகுருவாக மட்டும் எண்ணிவிடக் கூடாது. ஒரு சமூகத்துக்கே ஆன்மீகத் தலைவர், குறை கேட்பவர், பரம்பரையாக அந்த இடத்துக்கு வருபவர். கலோனிமுஸுக்கு மூன்று வயது நிறையும் முன்பே தந்தை இறந்துவிட்டார். பரம்பரை மட்டும் கனமானது. தாய்வழியில் வந்த கிராகோவ் நகர முன்னோர் ஒருவர் வேத உரையாசிரியர், அவர் பெயரைத்தான் இவருக்கு வைத்தார்கள். 1905இல் கொழெனிட்ஸ் ரெபேயின் மகள் ராகேல் ஹயா மிரியாமோடு திருமணம். கணவருடைய எழுத்துப் பிரதிகளைப் படித்துக் கருத்துச் சொல்லும் அளவுக்கு அவர் படித்தவர். அந்தச் சூழலில் அது சாதாரணமில்லை. 1937இல் அவர் இறந்தார்.

1909இல், இருபது வயதில், கலோனிமுஸ் ரெபே ஆனார். 1913இல் வார்சாவுக்குத் தெற்கே பியாசெச்னோ என்ற சிற்றூரின் ரபியானார். அந்த ஊர்ப்பெயரே அவருக்கு நிலைத்தது, இன்றும் பியாசெச்னோ ரெபே என்றுதான் சொல்கிறார்கள். முதல் உலகப்போருக்குப் பின் வார்சாவுக்கே குடிபெயர்ந்து, 1923இல் ஒரு யெஷிவாவை, அதாவது மதக்கல்விப் பள்ளியை, தொடங்கினார். நகரத்தின் பெரிய ஹசிதியப் பள்ளிகளில் அதுவும் ஒன்றாக வளர்ந்தது. ஜெல்னா தெரு 5ஆம் எண் வீடு அவருடைய முகவரி.

அவர் உயிரோடு இருந்தபோது அச்சில் வந்த முக்கியமான புத்தகம் 1932இல் வெளியானது. மாணவர்களின் கடமை என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஏனென்றால், பின்னால் கெட்டோவில் நடப்பதற்கான விதை அதில் இருக்கிறது. புத்தகத்தின் முன்னுரை பெற்றோரையும் ஆசிரியர்களையும் பார்த்துப் பேசுகிறது. உள்ளே போனால் நேரடியாகப் பையன்களிடம் பேச்சு. இந்தக் காலத்துப் பிள்ளைகள் வயதுக்கு முன்பே தங்களைப் பெரியவர்களாக நினைத்துக்கொள்கிறார்கள், தங்கள் கருத்தும் விருப்பமும் தங்களுடையதே என்கிறார்கள் என்று அவர் கவனிக்கிறார். ஆனால் திட்டவில்லை. அப்படியானால் அவனையே அவனுக்கு ஆசிரியனாக்கு என்கிறார். கல்வியைக் குறிக்கும் எபிரேயச் சொல்லுக்கு ராஷி தரும் பொருளை எடுத்துக்கொள்கிறார். ராஷி 11ஆம் நூற்றாண்டில் பிரான்சின் த்ருவா நகரில் வாழ்ந்த உரையாசிரியர். இன்றுவரை யூதக் குழந்தைகள், வேதத்தின் முதல் ஐந்து நூல்களான தோராவோடு சேர்த்தே அவருடைய உரையையும் படிக்கிறார்கள். ஒரு மனிதனையோ கருவியையோ, அது எந்த வேலைக்காக ஏற்பட்டதோ அந்த வேலைக்குள் முதன்முதலாக இறக்குவதுதான் அந்தச் சொல்லின் பொருள் என்பது ராஷியின் விளக்கம். அப்படியென்றால் பையனுக்குள் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் கல்வி கொடுக்க முடியாது. இதுதான் ரெபேயின் பாணி: எல்லோருக்கும் தெரிந்த ஓர் உரையை எடுப்பார், அதில் ஒரு சொல்லைத் திருகுவார், எதிரே உட்கார்ந்திருப்பவனின் வாழ்க்கைக்குள் அது போய் விழும்.

1939 செப்டம்பர் இறுதி

ஜெர்மனி போலந்துக்குள் புகுந்தபோது அவருக்கு ஐம்பது வயது. வார்சா முற்றுகையில் செப்டம்பர் 25 கொடூரமான நாள், நகரம் முழுக்கக் குண்டு விழுந்தது. அவருடைய ஒரே மகன் எலிமெலெக் பென்சியோன் படுகாயம் அடைந்தான். மறுநாள், அவன் கிடந்த மருத்துவமனைக்கு வெளியே காத்திருந்த மருமகளும், ரெபேயின் உறவுப் பெண் ஒருவரும் இன்னொரு குண்டுவீச்சில் இறந்தார்கள். 29ஆம் தேதி, கூடாரப் பண்டிகையின் இரண்டாம் நாள், மகனும் இறந்தான். அக்டோபர் 20இல் ரெபேயின் தாயார் காலமானார். நான்கு வாரத்துக்குள் வீடு காலியானது. மிஞ்சியது ஒரு மகள்.

செப்டம்பர் நடுவில் புத்தாண்டை ஒட்டிப் பேசியவருக்கு இதற்கப்புறம் பல வாரங்கள் உரை எதுவும் இல்லை. மறுபடி பேசியது நவம்பர் 4, ஷபாத், வெள்ளி மாலை தொடங்கும் வாராந்தர ஓய்வு நாள். அந்த வாரம் படிக்கவேண்டிய தோராப் பகுதி ஆதியாகமம் 23ஆம் அதிகாரத்தில் தொடங்குகிறது. ஆபிரகாமின் மனைவி சாராள் 127 வருடம் வாழ்ந்து இறந்ததைச் சொல்லும் பகுதி.

யூதப் பிரசங்கிக்கு எதைப் பேசலாம் என்ற தேர்வு கிடையாது. வாரம் ஒரு பகுதி என்று ஆண்டு முழுக்கத் தோரா பிரிக்கப்பட்டிருக்கிறது. அந்த வாரம் எது வருகிறதோ அதற்குத்தான் உரை. மகனை இழந்தவர் வாய் திறந்த வாரத்தில், மகனைப் பலி கொடுக்கப்போகிறார்கள் என்று கேட்டு இறந்த தாயின் கதை வந்தது. இது தற்செயல்தான், நாள்காட்டியின் தற்செயல்.

உப்பும் சாராளும்

நவம்பர் 4 உரையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், அவ்வளவு நுணுக்கம் அதில் இருக்கிறது.

யூத ஞானிகளின் விவாதங்களைத் தொகுத்த நூலான தல்மூதில் ஒரு வாக்கியம் உண்டு. உப்பைப் பற்றிப் பேசும்போதும் உடன்படிக்கை என்ற சொல் வருகிறது, துன்பத்தைப் பற்றிப் பேசும்போதும் அதே சொல் வருகிறது. உப்பு இறைச்சியைப் பக்குவப்படுத்துவதுபோல, துன்பம் மனிதனின் பாவத்தைக் கழுவுகிறது. யூதர்களின் சமையலறையில் இறைச்சிக்கு உப்புப் போடாமல் வேலை நடக்காது. ரத்தத்தை இழுப்பதற்காக ஊறவைத்து, உப்பிட்டு, பிறகு கழுவித்தான் சமைப்பார்கள். எனவே இந்த உவமை கேட்பவர்களுக்கு அன்றாட விஷயம்.

வழக்கமாக இந்த வாக்கியம் ஆறுதலாகச் சொல்லப்படுவது. பட்டதெல்லாம் நல்லதற்கே என்ற தொனி. ரெபே முன்னோர் ஒருவருடைய வாக்கின் வழியே அதை வேறு பக்கம் திருப்புகிறார். உப்பு கூடிவிட்டால் என்ன ஆகும்? இறைச்சியை வாயில் வைக்க முடியாது. பக்குவப்படுத்த வேண்டியதே கெடுத்துவிடும். அப்படியானால் துன்பத்துக்கும் ஓர் அளவு வேண்டும், அதைத் தாங்கும் பலத்தோடும் இரக்கத்தோடும் கலந்து வரவேண்டும். இது உடன்படிக்கையின் நிபந்தனை. சுருக்கமாகச் சொன்னால், உப்பின் அளவு கூடிவிட்டது என்று கடவுளிடமே ஒரு புகார்.

அப்புறம் சாராளிடம் வருகிறார். சாராளின் மரணம் ஏன், ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலிபீடத்தில் கட்டிய கதைக்கு அடுத்தாற்போல் வைக்கப்பட்டிருக்கிறது என்று ராஷி கேட்கிறார். மகன் கட்டப்பட்ட செய்தியைக் கேட்டதும் அவள் உயிர் பறந்துவிட்டது, அதனால்தான் என்று அவரே பதிலும் சொல்கிறார். இதுவரை பழைய உரை. ரெபே இங்கே ஒரு படி மேலே போகிறார். இந்த இரண்டு கதைகளையும் அடுத்தடுத்து வைத்தது மோசே. ஏன் வைத்தார்? கடவுளிடம் ஒரு வாதத்தை முன்வைக்க. சாராளைப் போன்ற பெரியவளாலேயே அளவுமீறிய வேதனையைத் தாங்க முடியவில்லையே, சாதாரண ஜனங்கள் எப்படித் தாங்குவார்கள் என்று கேட்பதற்காக. உயிர் பிழைத்தாலும்கூட அப்படிப்பட்ட அடிக்குப் பிறகு மனிதனின் பலமும் புத்தியும் ஒரு பகுதி உடைந்து போய்விடுகிறது, அது திரும்ப வராது என்கிறார்.

இன்னும் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது, அதையும் அவர் விடவில்லை. இன்னும் சில வருடம் வாழ்ந்திருக்க வேண்டியவள், செய்தியை மனதில் ஏற்றிக்கொண்டு இறந்துவிட்டாள் என்றால், வாழாத அந்த வருடங்களுக்குத் துரோகம் செய்தவள் ஆவாளா? சாராளின் வருடங்கள் எல்லாம் நன்மையில் சமம் என்று ராஷி சொன்னதை இதற்குப் பதிலாக வைக்கிறார். ஜனங்களுக்காக, இதற்கு மேல் தாங்காது என்று காட்டுவதற்காகவே அவள் இறந்தாள். எனவே வாழாத வருடங்களும் நல்லவையே.

தன் வீட்டில் நடந்ததைப் பற்றி உரையில் ஒரு வார்த்தை கிடையாது. மகன் பெயர் இல்லை, தாய் பெயர் இல்லை. ஆனால் அந்த அறையில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். வேதக் கதையில் மகன் பிழைக்கிறான், தாய் போய்விடுகிறாள். இவர் வீட்டில் மகனும் போய், அடுத்த மூன்று வாரத்தில் தாயும் போய்விட்டாள். கேட்டவர்கள் எந்தச் சாராளை நினைத்திருப்பார்கள்? நான் இதை வாசித்த ஒவ்வொரு தடவையும் அந்தக் கேள்வியில்தான் நின்றிருக்கிறேன்.

எப்படிப் பேசினார், எப்படி எழுதினார்

1940 தொடக்கத்திலேயே வார்சாவில் யூதர்கள் கூடி வழிபடத் தடை வந்தது. நவம்பர் 16 அன்று கெட்டோவின் வாயில்கள் மூடப்பட்டன. ஏறக்குறைய 3.4 சதுர கிலோமீட்டருக்குள் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். ஜெல்னா தெரு வீடு கெட்டோவுக்குள்ளேயே வந்ததால் அங்கே பொதுச் சமையல் நடந்தது, மறைவாக வழிபாடும் நடந்தது.

அவர் பேசியது யித்திஷ் மொழியில். ஷபாத்தன்று எழுதக்கூடாது என்பது சட்டம். அதனால் சனி இரவு நட்சத்திரம் தெரிந்த பிறகு, பேசியதை நினைவிலிருந்து எபிரேயத்தில் எழுதினார். நமக்குக் கிடைப்பது பேச்சின் ஒலிப்பதிவு அல்ல, ஓர் உரையாசிரியர் தன் பேச்சைத் தானே வேறு மொழியில் திரும்பச் செய்தது. தலைப்பாக வாரப் பகுதியின் பெயரும் யூத ஆண்டும் மட்டும் இருக்கும்.

உள்ளே போனால் இன்னொரு விசித்திரம். ஜெர்மானியர் என்ற சொல் வருவதில்லை, நாஜி என்ற சொல்லும் வருவதில்லை. வேதத்தில் வரும் பழைய எதிரிகளான ஃபரவோன் வருகிறான், அமலேக்கு வருகிறான். பயத்தால் மறைத்தார் என்று நினைக்கலாம், கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். எனக்கு அது முழுக் காரணமாகத் தோன்றவில்லை. அவருடைய மனதில் உரை என்பது கடவுளுக்கும் தன் ஜனத்துக்கும் இடையே நடக்கும் பேச்சு. அடிப்பவனை அந்த அறைக்குள் அவர் சேர்க்கவே இல்லை.

1941 டிசம்பர்: தவறிய ஆறுதல்

இப்போது முதலில் சொன்ன தாளுக்கு வரலாம். 1941 டிசம்பரில் கெட்டோவின் நிலை என்ன? அந்த ஒரு வருடத்தில் மட்டும் பசியாலும் நோயாலும் 40,000க்கு மேல் இறந்தார்கள். கெட்டோவுக்குக் கிடைத்த ரேஷன் ஆளுக்கு நாளொன்றுக்கு 200 கலோரிக்கும் குறைவு. கடத்தி வந்த உணவு இல்லாமல் ஒருவரும் பிழைத்திருக்க முடியாது. டைபஸ் காய்ச்சல் வீடு வீடாகப் போனது. தெருவில் பிணங்களைக் காகிதம் போட்டு மூடியிருந்தார்கள்.

இந்த நிலையில்தான் அவர் ஹனுக்காவில் பேசுகிறார். இப்படிப்பட்ட துன்பம் யூதர்களுக்கு வந்ததே இல்லை என்று சொல்பவர்கள் தவறு செய்கிறார்கள். எருசலேம் ஆலயம் இடிந்தபோதும், ரோமரிடம் பெய்தார் கோட்டை விழுந்தபோதும் இப்படி நடந்திருக்கிறது. அப்போது வேதம் படித்தும் தல்மூது படித்தும் நம்பிக்கை குலையாத நாம், அவற்றில் எழுதியிருப்பதே இப்போது நமக்கு நடக்கும்போது மட்டும் ஏன் குலைய வேண்டும்?

இந்த வாதத்தைக் கேட்டால் இன்றைக்குக் கோபம் வரும். பட்டினி கிடப்பவனிடம் இது பழைய கதைதான் என்று சொல்வதா? ஆனால் உரையாசிரியனின் பார்வையில் இது ஆறுதலின் பழைய வழி. நடப்பது எழுதப்பட்டதற்குள் அடங்கும் என்றால், அதற்குப் பொருள் உண்டு. அதைப் படித்தவர்கள் முன்பும் இருந்தார்கள், பிழைத்தவர்களும் இருந்தார்கள். 40,000 மரணங்களைக்கூட அந்தச் சட்டகம் தாங்கியது என்பதைக் கவனியுங்கள். பசியும் கொள்ளைநோயும் முற்றுகையும் எரேமியாவின் புலம்பலில் ஏற்கெனவே இருக்கின்றன. அவர் உண்மையை மறுத்துப் பேசவில்லை. அதுவரை நடந்ததற்கு ஏட்டில் இடம் இருந்தது.

உள் அறை

1942 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தொனி மாறுகிறது. மார்ச் 14 உரை பலரும் மேற்கோள் காட்டுவது. அதன் அடிப்படை எரேமியா 13இல் வரும் ஒரு வசனம்: என் ஆத்துமா மறைவிடங்களில் அழும். கடவுளுக்கு அழுவதற்கென்றே ஒரு மறைவிடம் இருக்கிறது என்று தல்மூது இதற்கு உரை சொல்கிறது. உடனே இன்னொருவர் மறுக்கிறார்: அவர் சந்நிதியில் வல்லமையும் மகிழ்ச்சியும்தானே இருக்கின்றன? அதற்குப் பதில், வெளி அறைகளில் மகிழ்ச்சி, உள் அறைகளில் அழுகை என்பது.

இதன்மேல் ரெபே கட்டுகிறார். ஜனங்களின் துன்பத்தைக் கடவுளும் படுகிறார். ஆனால் அவர் எல்லையற்றவர் என்பதால் அவருடைய வேதனையும் எல்லையற்றது. அதில் ஒரு பொறி வெளியே தெறித்தாலும் உலகம் நிற்காது. உலகம் எரியாமல் இருப்பதே அவர் உள் அறையில் ஒளிந்து அழுவதால்தான். பிப்ரவரி 14 உரையிலும் இதே கருத்து வருகிறது. இவ்வளவு கொடுமை நடந்தும் வானம் ஏன் அசையவில்லை என்று கெட்டோவில் கேட்காதவர் இருந்திருக்க மாட்டார்கள். அந்தக் கேள்விக்கு இதைவிட விசித்திரமான பதிலை நான் படித்ததில்லை. மௌனத்துக்குக் காரணம் அலட்சியம் இல்லை, தாங்க முடியாத வலி என்கிறார்.

அடுத்த படி இன்னும் நெருக்கமானது. தனியாக அழுபவன் உடைந்து விழுந்துவிடுவான், எழ முடியாது. தோராவைப் படிப்பவன் அதன் வழியாக அந்த உள் அறைக்குள் நுழைகிறான், அங்கே கடவுளோடு சேர்ந்து அழுகிறான். அந்த அழுகை பலம் தரும், அழுதுகொண்டே படிக்க முடியும். விழுந்தபின் ஒருமுறை எழலாம், இருமுறை எழலாம், திரும்பத் திரும்ப எழுவது கடினம் என்பதையும் ஒப்புக்கொள்கிறார்.

1939இல் அவர் கடவுளுக்கு எதிரே நின்று வாதாடினார். 1942 மார்ச்சில் பக்கத்தில் உட்கார்ந்து அழுகிறார். உப்பு அளவு மீறிவிட்டது என்ற புகாருக்குப் பதில் வரவில்லை. பதில் வராதபோது அவர் தன் இடத்தை மாற்றிக்கொண்டார் என்று நான் வாசிக்கிறேன்.

பார்க்கவே பார்த்தேன்

கடைசி உரை 1942 ஜூலை 18. ஆலயம் இடிந்த துக்க நாளுக்கு முந்திய ஷபாத் அது. அன்று ஏசாயாவின் தரிசனம் படிப்பார்கள். தரிசனம் என்றால் காண்பது. யாத்திராகமத்தில் கடவுள் மோசேயிடம், என் ஜனத்தின் உபத்திரவத்தைப் பார்க்கவே பார்த்தேன், கூக்குரலைக் கேட்டேன் என்கிறார். கேட்பதும் பார்ப்பதும் ஒன்றா என்பதுதான் உரை. ஆலயத்தின் அழிவைப் பற்றித் தீர்க்கதரிசிகள் சொன்னதைப் படிக்கும்போது அந்த வேதனை புரிந்ததாக நினைத்தோம், அழவும் செய்தோம். இப்போதுதான் தெரிகிறது, கேட்பதற்கும் கண்ணால் கண்டு படுவதற்கும் எவ்வளவு தூரம் என்று.

டிசம்பரில் சொன்னதை இந்த உரையோடு வைத்துப் பாருங்கள். அங்கே, படித்தபோது தாங்கியவன் இப்போதும் தாங்க வேண்டும் என்றார். இங்கே, படித்தபோது நமக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை என்கிறார். நவம்பர் குறிப்புக்கு நான்கு மாதம் முன்பே திருத்தம் தொடங்கிவிட்டது.

நான்கு நாள் கழித்து, ஜூலை 22இல், டிரெப்ளிங்கா கொலை முகாமுக்கு ரயில்கள் புறப்படத் தொடங்கின. செப்டம்பர் 21 வரை இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனார்கள். ரெபேயின் மகளும் அந்த ஆகஸ்டில் போனவர்களில் ஒருத்தி. ரெபே மட்டும் ஒரு தொழிற்சாலைக்காரரின் பட்டறையில் வேலையாளாகப் பதிவு பெற்று மிஞ்சினார். அதன்பின் அவர் உரை எழுதவில்லை.

தாளைப் படிப்பது எப்படி

இனி ஒரு முக்கியமான எச்சரிக்கை. மேலே நான் சொன்ன வரிசை, வாதம், ஆறுதல், அழுகை, காட்சி, திருத்தம் என்று படிப்படியாக இறங்குவது போலத் தோன்றும். அது நான் அடுக்கிய வரிசை. உண்மையில் இந்த உரைகள் முன்னும் பின்னும் போகின்றன. வழக்கமான ஆறுதல் ஒரு வாரம், குமுறல் மறுவாரம், நடுவில் கட்டளைகளைப் பற்றிய அமைதியான விளக்கம்.

அதைவிடப் பெரிய சிக்கல் பிரதியில் இருக்கிறது. 1960இல் புனித நெருப்பு என்ற பொருள்படும் பெயரில் இந்த உரைகள் முதன்முதலாக அச்சாயின. ரெபே தானே வைத்த தலைப்பு சாதாரணமானது: கோப ஆண்டுகளில் தோன்றிய தோரா விளக்கங்கள். முதல் பதிப்பில் எல்லாம் சரளமான ஓட்டமாக இருந்தது. 2017இல் டேனியல் ரைசர் கையெழுத்துப் பிரதியை அடுக்கடுக்காகப் பிரித்து ஒரு ஆய்வுப் பதிப்பு வெளியிட்டார். ஒரு தொகுதியில் உரை, இன்னொன்றில் கையெழுத்தின் நகல். அப்போதுதான் தெரிந்தது, ரெபே தன் பழைய உரைகளைத் திரும்பத் திரும்ப எடுத்துத் திருத்தியிருக்கிறார். சொற்களை அடித்திருக்கிறார், ஓரத்தில் சேர்த்திருக்கிறார். ஆகவே 1940 என்று தலைப்பிட்ட உரையில் ஒரு வரி 1942இல் எழுதப்பட்டதாக இருக்கலாம். அச்சுப் பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு, அவர் மனம் மாதத்துக்கு மாதம் இப்படி மாறியது என்று வரைபடம் போட்டவர்கள் கொஞ்சம் பின்வாங்க வேண்டியதாயிற்று.

நான் முதலில் சொன்ன தாள் எனக்கு முக்கியமாவதும் இதனால்தான். அடிக்கத் தெரியாதவர் அவர் இல்லை. பல இடங்களில் அடித்திருக்கிறார், மௌனமாக மாற்றியிருக்கிறார். ஹனுக்கா உரையிலும் ஒரு கோடு போட்டு வேலையை முடித்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. அதைச் செய்யாமல் தவறிய ஆறுதலை அப்படியே விட்டு, கீழே தேதி போட்டார். ஹீப்ரு நாள்காட்டியில் கிஸ்லேவ் மாதம் 18, ஷபாத்துக்கு முந்திய நாள் என்று.

இந்தக் குறிப்பைப் பற்றி ஆய்வாளர்களிடையே இன்னும் வழக்கு தீரவில்லை. நெஹேமியா போலன் போன்றவர்கள் உரைகளின் அடியில் ஓடும் நம்பிக்கையைக் காட்டினார்கள். ஷவுல் மகித், இந்த இடத்தில் உடன்படிக்கையின் பழைய பிடி உடைந்துவிட்டது என்று வாதிடுகிறார். முன்னோர் சொல்லில் இதற்கு இணை இல்லை என்று ஒரு ரெபே எழுதுவது சாதாரணமில்லை. முன்னோர் சொல்லில் எல்லாமே உண்டு என்பதுதான் அவருடைய தொழிலின் அஸ்திவாரம். மகித் அதைச் சரியாகவே பிடித்திருக்கிறார். ஆனால் குறிப்பின் கடைசி வரியை விட்டுவிட முடியாது. கடவுள் இரங்கி, கண்ணிமைக்கும் நேரத்தில் எங்களை அவர்கள் கையிலிருந்து மீட்கட்டும் என்று அது முடிகிறது. உரை உடைந்துவிட்டது, பிரார்த்தனை உடையவில்லை. இரண்டும் ஒரே மனிதரிடம், ஒரே பத்தியில் இருக்கின்றன. எந்தக் கட்சிக்கும் முழு வெற்றி கொடுக்க எனக்கு மனமில்லை.

பால் கேன்

1943 ஜனவரி 3 தேதியிட்டு ஒரு கடிதம் எழுதினார், யித்திஷில். யார் கையில் இந்தப் பிரதிகள் கிடைக்கின்றனவோ அவருக்கு. இவற்றை எரெத்ஸ் இஸ்ரவேலில் (அன்றைய பாலஸ்தீனத்தில்) இருக்கும் என் சகோதரன் ஏசாயாவிடம் சேர்க்க வேண்டும், நானும் மிச்சமிருக்கும் யூதர்களும் போருக்குப்பின் உயிரோடு இருந்தால் என்னிடமே திருப்பித் தரவேண்டும் என்று கேட்கிறார். தாள்கள் இம்மானுவேல் ரிங்கல்பிளூமின் ரகசிய ஆவணக் குழுவிடம் போய்ச் சேர்ந்தன. ரிங்கல்பிளூம் இடதுசாரி, மதச்சார்பற்ற வரலாற்றாசிரியர். பரம்பரை ரெபேயின் கையெழுத்தை அவருடைய ஆட்கள்தான் காப்பாற்றினார்கள்.

பிப்ரவரியில் அவற்றை இரண்டு பால் கேன்களில் அடைத்து, நோவொலிப்கி தெரு 68ஆம் எண் பள்ளியின் அடித்தளத்தில் புதைத்தார்கள். ஏப்ரலில் கெட்டோ யூதர்களின் எழுச்சி, பிறகு கெட்டோ தரைமட்டம். ரெபே லுப்ளின் பக்கமிருந்த டிராவ்னிகி முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார் என்பதும், நவம்பர் 3 அன்று அங்கே நடந்த கூட்டுப் படுகொலையில் இறந்தார் என்பதும் பொதுவாக ஏற்கப்பட்டது. டிராவ்னிகி, போனியாதோவா, மைதானெக் என மூன்று இடங்களில் இரண்டு நாளில் ஏறக்குறைய 42,000 பேர். ஹெஷ்வான் மாதம் நான்காம் நாளைத்தான் அவருடைய வழிவந்தவர்கள் நினைவு நாளாகக் கொள்கிறார்கள்.

1950 டிசம்பர் 1, கட்டட வேலைக்காகத் தோண்டிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் கேன்களைக் கண்டெடுத்தார்கள். ரெபே யாரிடம் சேர்க்கச் சொன்னாரோ, அந்தச் சகோதரர் ஏசாயா 1945இலேயே இறந்துவிட்டிருந்தார். மூலப் பிரதிகள் வார்சாவின் யூத வரலாற்று நிறுவனத்தில் இருக்கின்றன.

1942 நவம்பர் 27 வெள்ளி மாலை ஷபாத் தொடங்கியது. அந்த வாரத்துக்குரிய பகுதியில் யாக்கோபு ஆற்றங்கரையில் தனித்திருக்கிறான். யாரென்று தெரியாத ஒருவன் பொழுது விடியும்வரை அவனோடு போராடுகிறான், அவன் தொடைச்சந்து சுளுக்குகிறது, நொண்டிக்கொண்டே போகிறான். அந்தப் பகுதிக்கு ரெபேயின் கையெழுத்தில் அந்த ஆண்டு உரை இல்லை.